தைலம் மணக்கும் ஏழு எழுத்துகள்

"கண்ணை மூடு. மூக்கைத் திற," என்றாள் மேபல்.

பிறெடி கண்ணை மூடினான். மூக்கு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த மூக்கு அது. கருவாட்டுக் கடையையும் கோயில் சாம்பிராணியையும் ஒரே மூச்சில் இழுத்துப் பழகியது.

"இது?"

"மரம்."

"இது?"

"இதுவும் மரம். அக்கா, நான் த்ரீவீல் ஓட்டுறவன். என்னைப் பொலிஸ் நாய் வேலைக்கு எடுக்கிறதெண்டால் சாப்பாடும் அந்த மாதிரித் தரவேணும். காலையில இறைச்சி, பின்னேரம் எலும்பு."

"வாயை மூடு. மூக்கை மட்டும் திற. இது?"

பிறெடி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தைலம்! தலையிடிக்குப் பூசுற தைலம்."

"சரி," என்று சொல்லி, அந்தச் சின்ன மரக் கட்டையை மேபல் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தாள். "இன்னும் இருக்கு. கண்ணைத் திறக்காதே."

மேபல் முப்பது வருஷம் ஒரு காப்புறுதிக் கம்பெனியில், எரிந்த கடைகள் தானாக எரிந்தனவா என்று பார்த்துச் சொன்னவள். ஓய்வு பெற்ற பிறகு கம்பெனி அவளை விட்டது; ஊர் விடவில்லை. தொலைந்தது, களவுபோனது, பொய்சொன்னது எல்லாம் அவள் வாசலுக்கு வரும். கீழ்வீட்டுப் பிறெடி அவளை ஏற்றி இறக்குவான். வழிநெடுகக் கதைப்பது இலவசம்.

மேசையில் ஊதா நிறத் துணிப்பை ஒன்று வாய் பிளந்து கிடந்தது. அது உஷாந்தியின் பை. உஷாந்தி வெள்ளவத்தைப் பெண். கணக்காளர் அலுவலகத்தில் வேலை, மிச்ச நேரமெல்லாம் ஸ்க்ரபிள். ஆங்கில எழுத்துப் பொறித்த கட்டைகளைப் பைக்குள் கைவிட்டு எடுத்து, ஏழு ஏழாக வைத்துக்கொண்டு, பலகையில் சொல்லாகக் கோக்கிற விளையாட்டு. இலங்கைக்காக வெளிநாடு போய் விளையாடப் போவது யார் என்று தீர்மானிக்கிற கடைசி ஆட்டம் நேற்று வெள்ளவத்தை மண்டபமொன்றில் நடந்தது. ஒரு பக்கம் உஷாந்தி, எதிரே அவளுடைய சிநேகிதி நிம்றா. உஷாந்தி வென்றாள். ஆட்டம் முடிந்து கட்டைகளைப் பரப்பிச் சரிபார்த்தபோது, நான்கு இருக்கவேண்டிய எஸ், ஐந்து இருந்தது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கழகத்தின் செயலாளர் நமசிவாயம், புதுக்கடை நீதிமன்றத்தில் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சூரியன் உதித்தது என்று சொன்னாலும் சாட்சி கேட்பார். காலையில் தன் கையாலேயே எண்ணி வைத்த கட்டைகள் என்பதால் அவருக்கு இன்னும் கோபம். உஷாந்தியின் கைப்பையைத் திறக்கச் சொன்னார். அதற்குள் அவள் பயிற்சிக்கு வைத்திருக்கும் சொந்தக் கட்டைகள், அதே ஊதாத் துணிப்பையில். கொட்டிப் பார்த்தால் அதில் ஒரு எஸ் குறைவு.

"இங்க குறைஞ்சது, அங்க கூடியிருக்கு. வேற சாட்சி வேணுமோ?" என்றார் நமசிவாயம்.

இன்று மாலை ஆறு மணிக்குக் கழகம் கூடுகிறது, உஷாந்தியின் பெயரை வெட்டுவதற்கு. பயணம் போனால் போகட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதம் கலியாணம். 'கள்ளி' என்ற சொல் வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கையில் காலையில் புறப்பட்டால், மத்தியானச் சோற்றுக்கு முன் எல்லா ஒழுங்கைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். நேற்றிரவு மேபலின் கதிரையில் இருந்து அவள் அழவில்லை. "நான் எடுக்கேல்லை அக்கா. ஆனா என்ர பையில குறையுது. எனக்கே என்னை நம்ப ஏலாமக் கிடக்கு," என்று மட்டும் சொன்னாள். அதுதான் பிறெடிக்கு அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது.

"முடிஞ்சுது. கண்ணைத் திற," என்றாள் மேபல்.

தைலம் மணத்த கட்டைகள் ஆறு. ஒரு ஏ, ஒரு ஈ, ஒரு ஐ, ஒரு என், ஒரு ஆர், ஒரு ரீ, அதாவது T. பைக்குள் ஈ எத்தனையோ இருந்தன. மணத்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஆறு பேருக்கு மட்டும் தடிமன் பிடிச்சிருக்கு," என்றான் பிறெடி. "மற்ற ஆக்கள் சுகம்."

"ஆறு இல்லை. ஏழு. நேற்றிரவு நமசிவாயத்தாரின்ர வீட்டுக்குப் போய், மேசையில இருந்த அந்தக் கூடின எஸ்ஸைத் தூக்கி மோந்து பாத்தனான். அவர் என்னை விசரி மாதிரிப் பாத்தார். அதுவும் இதே தைலம்தான்."

"அப்ப உஷாந்தி வீட்டில ஆருக்கோ தலையிடி."

"வெள்ளவத்தையில ஆருக்குத் தலையிடி இல்லை? த்ரீவீலை எடு. நிம்றாவிட்டப் போவம்."

"ஆ! தோத்தவ. எனக்கும் முதல்ல இருந்தே அவ மேலதான் சந்தேகம்."

"நேற்று நமசிவாயம் மேல எண்டாய்."

"அது நேற்று அக்கா."

*

நிம்றா, காலி வீதியில் தன் வாப்பாவின் துணிக்கடையில், கலியாணச் சாரிகளின் நடுவே உட்கார்ந்திருந்தாள். இவர்களைக் கண்டதும் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள்.

"வாங்க அன்டி. பிடிக்க வந்தீங்களா? விலங்கு என்ன கலர்? என்ட சல்வாருக்குப் பொருந்தோணும்."

"பொருந்தாட்டி மாத்தித் தருவம். பில்லை மட்டும் தொலைக்க வேண்டாம்," என்றான் பிறெடி.

மேபல் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். "உஷாந்தி வீட்டுக்கு நீ அடிக்கடி போறனியாம்."

"ஒவ்வொரு கிழமையும் போவேன். ப்ராக்டிஸுக்குன்னு சொல்றது. அவட உம்மா சுடுற வடைக்குத்தான் போறது."

"அவ விலக்கப்பட்டால் நீதானே வெளிநாடு போவாய்?"

நிம்றாவின் முகத்திலிருந்து விளையாட்டு இறங்கியது. "அப்பிடிப் போறதுக்கு நான் கடையில சாரி மடிச்சிக்கிட்டு இருக்கலாம் அன்டி. நேத்து ராவு முழுக்க அவட போனுக்கு எடுத்தேன். எடுக்கவேயில்ல. நானும் நம்பிட்டேன்னு நெனச்சிட்டா."

மேபல் கண்ணைக் காட்டினாள். பிறெடி அந்த ஆறு கட்டைகளையும் சாரித் துணிமேல் கொட்டினான்.

நிம்றாவின் வாய் அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருக்க, விரல் தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. மல்லிகைப்பூ தொடுக்கிறவள் பேச்சுக்கொடுத்துக்கொண்டே பூவைக் கோக்கிற மாதிரி. ஏ, ஈ, ஐ, என், ஆர். பிறகு ஒரு கட்டை வைக்கிற அளவுக்கு இடம் விட்டு, கடைசியில் ரீ.

"எஸ் எங்க?" என்றாள்.

பிறெடி துள்ளி எழுந்தான். "எஸ் எண்டு நாங்க ஒரு வார்த்தை சொல்லேல்லையே! அக்கா, பிடிச்சிட்டம்!"

நிம்றா அவனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "பிறெடி நானா, இந்த ஆறும் வந்தா ஏழாவது எஸ்தான். கழகத்துச் சின்னப் பிள்ளையக் கேட்டாலும் சொல்லும். எங்கட முதல் பாடமே இதுதான். ஏழு எழுத்தும் ஒண்ணுதான், இடம் மாத்தி மாத்தி வெச்சா எத்தனை சொல்! நாஸ்டியர். ரிட்டெய்ன்ஸ். ரெட்டினாஸ். ஸ்டெய்னர். ஸ்டியரின், அது மெழுகுதிரி செய்யிற கொழுப்பு. ரெட்சினா, அது கிரேக்க நாட்டு ஆக்கள்ட ஒரு வைன். எனக்குக் குடிக்கத்தான் ஏலா. பலகையில வைக்க ஏலும்."

"ஏன் இப்பிடி வரிசையா அடுக்கினாய்?" மேபல் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏபிசிடி வரிசை. கைக்கு வர்ற எழுத்த முதல்ல அப்பிடி அடுக்கோணும், அப்பத்தான் எந்தக் கூட்டம்னு தெரியும். அப்பிடித்தான் பழகுறது. பொறகு கை விடாது. வாப்பா சீனி, தேயிலை, அரிசின்னு சாமான் எழுதித் தந்தாலும் அரிசிய முன்னுக்குத் தள்ளிட்டுத்தான் கடைக்குப் போவேன்."

"நீ ஒருத்தரை மாட்டிவிட நினைச்சால், எஸ் போடுவியோ?"

"எனக்கென்ன பைத்தியமா? எழுத்தே இல்லாத வெறும் கட்டை ஒண்ணு இருக்கு. எந்த எழுத்தாவும் அது மாறும். அதப் போட்டாத்தான் பெரிய களவுன்னு சொல்லுவாங்க. வெளயாட்டே தெரியாத ஆள்னா இஸட் போடுவான், க்யூ போடுவான். மேல பத்துப் புள்ளின்னு போட்டீக்கிது. எஸ்ஸுல ஒரு புள்ளிதானே."

மேபல் அந்த ஆறு கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் மெல்ல ஏறுவதைப் பிறெடி கண்டான். அது வந்தால் அவனுக்கு அன்று மத்தியானச் சாப்பாடு தவறும்.

"அப்ப ஆரும் ஆரையும் மாட்டிவிடேல்லை," என்றாள். "எஸ் தனியப் போகேல்லை. ஏழு பேரும் குடும்பமாத்தான் உஷாந்தியின்ர பையை விட்டுப் போயிருக்கினம். தைலத்துக்குப் பக்கத்தில கொஞ்ச நாள் தங்கியிருக்கினம். ஆறு பேர் பத்திரமா வீடு வந்திட்டினம். ஒருத்தர் மட்டும் வழி தவறி வேற பைக்குள்ள போயிட்டார். நிம்றா, இந்த ஏழையும் கையில வச்சுப் படிக்கிறது ஆர்?"

"நாங்க இல்ல. எங்கள நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். புதுசாப் படிக்கிற ஆள்தான்."

"புதுசாப் படிக்கிற ஆள். உஷாந்தி வீட்டுக்குப் போய் வாற ஆள். நேற்று மத்தியான இடைவேளையில மேசைக்குக் கிட்ட நிண்ட ஆள்." மேபல் எழுந்தாள். "ஆர் நிண்டது?"

"மாப்பிள்ள உமாசுதனும் அவர்ட உம்மாவும். சோத்துப் பார்சல் கொண்டு வந்தாங்க." நிம்றா யோசித்தாள். "ஆனா உமாசுதன் ஆட்டம் பாக்க வந்தாலும் போனத்தான் பாப்பார். அதோட அவருக்கு எங்க மேல கோவம். வெளிநாட்டுப் போட்டியும் கலியாணமும் ஒரே கிழமையில வந்து விழுந்திட்டு."

"கடைசியா ஒண்டு. கழகத்துப் பையும் உஷாந்தியின்ர பையும் ஏன் ஒரே நிறம்?"

"ரெண்டும் உஷாந்திட உம்மா தெச்சது. துணி எங்கட கடைதான், கர்ட்டின் துணி. வேணுமா? குறைச்சித் தாறேன்."

மேபல் துணி வாங்கவில்லை. நிம்றாவின் கட்டைகளிலிருந்து ஒரு எஸ் மட்டும் இரவல் வாங்கிக்கொண்டாள்.

*

"எனக்கு எல்லாம் விளங்கிட்டுது," என்றான் பிறெடி, கடற்கரைப் பக்கம் த்ரீவீலைத் திருப்பிக்கொண்டே. "மாப்பிள்ளைதான். பொம்பிளைக்குத் தெரியாமல் படிச்சு, ஒரு நாள் திடீரெண்டு சொல் வைச்சு அசத்த நினைச்சிருக்கிறார். காதல் அக்கா, காதல். எனக்கும் வந்தது. நான் கிற்றார் படிச்சனான்."

"பிறகு?"

"அவ கிற்றார் சொல்லித் தந்தவனைக் கலியாணம் கட்டிட்டா."

அடுக்குமாடியின் வாசலில் காவலாளியிடம் பிறெடி சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசி, "அண்ணே, பத்து நிமிஷம்தான்" என்று த்ரீவீலை நிழலில் விட்டான். மேலே, கடலைப் பார்த்த வீடு. உமாசுதன்தான் கதவைத் திறந்தான். வங்கியில் கணினிப் பகுதியில் வேலை. மேபலைக் கண்டதும் வியர்த்துக் கொட்டியது. பிறெடி மேபலை விலாவில் இடித்தான்.

உள்ளே சாய்கதிரையில் உமாசுதனின் தாய் இரத்தினம்மா. நெற்றியில் திருநீறு, கையில் முருங்கைக்காய்த் தட்டு. "வாங்கோ பிள்ளை, இருங்கோ. அந்தப் பிள்ளைக்கு உப்பிடி ஒரு பழி! நான் முதல்லயே சொன்னனான், உந்த எழுத்துப் பொறுக்கிற விளையாட்டு வேண்டாமெண்டு. எனக்கு உந்த இங்கிலீசும் விளங்காது, ஒரு இழவும் விளங்காது."

தேநீர் வந்தது. பிறெடி தேநீர்த் தட்டை வாங்கப் போகிற மாதிரிப் போய், சட்டைப் பையிலிருந்த ஏழு கட்டைகளையும் சிறுமேசையில் சிதற விட்டான். "அய்யய்யோ! கை வழுக்கிட்டுது!" என்று அவன் போட்ட சத்தம் கீழே காவலாளிக்கே கேட்டிருக்கும். அவ்வளவு மோசமான நடிப்பை மேபல் பார்த்ததில்லை.

கட்டைகள் உமாசுதனின் முன்னால் கிடந்தன. அவன் விரல் நீண்டது. உமாசுதன் ஒரு கட்டையை எடுத்து, அதன்மேல் இன்னொன்றை வைத்தான். அதன்மேல் இன்னொன்று. கோபுரமாக ஐந்து ஏறியதும் அது சரிந்து விழுந்தது. அவன் கட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனைப் பார்த்தான்.

போச்சு. ஒரு காதல் கதை கண்முன்னால் சரிந்து விழுந்ததில் பிறெடிக்கு மனம் விட்டுப்போனது.

"தம்பி ஏன் இப்படி வேர்க்குது?" என்றாள் மேபல்.

உமாசுதன் தாயைப் பார்த்தான், மேபலைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். "நான் ஒண்டு செய்துபோட்டன். அம்மாவுக்குத் தெரியாது." இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு முன்னுக்குச் சாய்ந்தார்கள். "சாத்திரியாரைக் கண்டு வேற நாள் கேட்டனான். கலியாணத்தை ஒரு மாசம் தள்ளி வைக்க. அவள் போய் விளையாடிப்போட்டு வரட்டுமெண்டு."

"என்னடா?" இரத்தினம்மா முருங்கைக்காய்த் தட்டைக் கீழே வைத்தார். "என்னைக் கேளாமல் நாள் மாத்தினியோ? மண்டபம் எடுத்தாச்சு, ஐயருக்குச் சொல்லியாச்சு, கனடாவில இருந்து உன்ர சித்தப்பன் ரிக்கற் போட்டாச்சு! ஒரு வார்த்தை, ஒரு வார்த்தை என்னட்டச் சொன்னியோ?"

"சொன்னா நீங்கள் ஓமெண்டே சொல்லியிருப்பியள்?"

"சொல்லியிருப்பன்! கேட்டனியோ? உனக்கு உன்ர போன். அவளுக்கு அவளின்ர எழுத்து. நான் ஒருத்தி இஞ்ச கதிரை மாதிரி..."

ஏச்சு வளர்ந்துகொண்டே போனது. உமாசுதன் தலை குனிந்தான். மேபல் தேநீரைக் குடித்தாள். பிறெடி மட்டும் மேசையைப் பார்த்தான். பார்த்தவன் பார்த்தபடியே இருந்தான்.

இரத்தினம்மாவின் வாய் மகனை ஏசிக்கொண்டிருந்தது. வலது கை விரல் சிறுமேசையில் கட்டைகளைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஏ. ஈ. ஐ. என். ஆர். எஸ். ரீ. நூல் பிடித்த மாதிரி நேர் வரி.

சாய்கதிரையின் கைப்பிடியில், மூடிபோட்ட பழைய தகரத் தைலப் பேணி ஒன்று.

"அக்கா," என்றான் பிறெடி. மேபல் தலையை ஆட்டினாள். அவளும் கண்டுவிட்டாள்.

"தம்பி உமாசுதன், இந்தப் பிறெடிக்கு ஒரு பால்தேத்தண்ணி போட்டுத் தாறியளோ? அவன் வெறும் தேத்தண்ணி குடிக்கமாட்டான். போட்டு முடிய ஆறுதலா வாங்கோ."

மகன் குசினிக்குள் போனான். மேபல் மேசையில் இருந்த வரியை மட்டும் பார்த்தாள். இரத்தினம்மாவும் பார்த்தார். அப்போதுதான் தன் விரல் செய்த வேலை அவருக்குத் தெரிந்தது. கையைச் சட்டென்று சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

"எத்தனை சொல் தெரியும் அக்கா?" என்று கேட்டாள் மேபல், கீரை விலை கேட்கிற மாதிரி.

"மூண்டு," என்றார் இரத்தினம்மா. "நாலாவது மண்டைக்குள்ள நிக்குதில்லை."

பிறகு மெல்லச் சொன்னார். சம்பந்தம் பேசி முடித்து, கூறைச்சேலை பார்க்க உஷாந்தி வீட்டுக்குப் போன நாளில், அந்தப் பெண் இந்த ஏழையும் பரப்பி வைத்து, "மாமி, இந்த ஏழும் ஒரு குடும்பம்" என்று சிரித்தாளாம். "கலியாணம் முடிஞ்சால் மூண்டு பேரும் இந்த வீட்டில. அவள் வேலையால வந்து என்னோட என்னத்தைக் கதைப்பாள்? முருங்கைக்காயைப் பற்றியோ? போனில ஒரு ஆப் போட்டுப் பாத்தன். முதல்ல ஏபிசிடி வரிசையா அடுக்கு எண்டு சொல்லுது. கண்ணால பாத்தால் எனக்கு ஏறாது, கையால தொடவேணும். அதுதான் அண்டைக்கு அந்த ஏழையும்..." குரல் இறங்கியது. "கேளாமல் எடுத்தனான். அடுத்த முறை போகேக்க ஆறைத் திருப்பி வச்சிட்டன். ஒண்டு இந்தக் கைப்பையின்ர உள்துணிக்குள்ள பூந்திட்டுது. நேற்று மண்டபத்தில கண்டெடுத்தன். மேசையில ஊதாப் பை கிடந்தது. அவளின்ரதெண்டு நினைச்சு உள்ள போட்டிட்டன். சோற்றைக் குடுத்திட்டு நான் வந்திட்டன். பின்னேரம் இவன் வந்து சொல்லேக்கதான்..."

"ஏன் உடன சொல்லேல்லை?" கேட்டது பிறெடி.

"எப்பிடித் தம்பி சொல்லுறது? மாப்பிள்ளையின்ர தாய் பொம்பிளை வீட்டில களவெடுத்தவள் எண்டு நானே போய்ச் சொல்லவோ? சம்பந்தி முகத்தை இனி எப்பிடிப் பாக்கிறது? இரவு முழுக்க நித்திரை இல்லை. பேணியில தைலம் முடிஞ்சுது, தலையிடி முடியேல்லை."

மேபல் கட்டைகளைப் பொறுக்கினாள். "அக்கா, நான் ஒருத்தரையும் இழுத்துக்கொண்டு போறதில்லை. ஆறு மணிக்குக் கூட்டம். நான் சொன்னால் நமசிவாயத்தார் சாட்சி கேப்பார். சாட்சி நீங்க ஒராள்தான்."

இரத்தினம்மா முருங்கைக்காயை எடுத்து, நறுக்கியதையே இன்னொரு முறை நறுக்கினார்.

*

மண்டபத்தில் ஆறு மணிக்கே நமசிவாயம் தொண்டையைச் செருமினார். நடுவில் ஒரு மேசை, அதில் ஒரு கடித உறை. கூடிப்போன எஸ் அதற்குள் இருந்தது. முன்வரிசையில் உஷாந்தி, முதுகு நிமிர்த்தி, மடியில் வெறுங்கை. அவளுக்கு ஒரு கதிரை தள்ளி நிம்றா. அந்த இடைக் கதிரையில் யாரும் உட்காரவில்லை.

"சொல்லுங்க அக்கா," பிறெடி கிசுகிசுத்தான். "நீங்களே சொல்லிப்போடுங்க."

"பொறு."

"அவ வராட்டி?"

மேபல் கதவைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது என்பது பிறெடிக்கு விளங்கியது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"ஆகவே," என்று நமசிவாயம் எழுந்தார், "உஷாந்தியின்ர பேரை அங்கத்தவர் பதிவில இருந்து..."

பிறெடியின் மூக்கு விறைத்தது. கண்ணுக்கும் காதுக்கும் முன்னால் அதற்குத்தான் முதலில் தெரிந்தது.

"தைலம்," என்றான்.

கதவு திறந்தது. இரத்தினம்மா வந்தார். கலியாணத்துக்கென்று எடுத்து வைத்த அரக்குக் காஞ்சிபுரம், காதில் தோடு, கையில் பேணி. பின்னால் உமாசுதன், என்ன நடக்கிறது என்றே தெரியாத முகத்தோடு. உஷாந்தி எழுந்து நின்றாள்.

"இரு பிள்ளை," என்றார் இரத்தினம்மா. "நான்தான் நிக்கவேணும். அந்தக் கட்டையை எடுத்ததும் நான்தான், பிழையான பைக்குள்ள போட்டதும் நான்தான். இந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது சம்பந்தியான உஷாந்தியின் தாய் இருந்த பக்கம் அவர் பார்க்கவில்லை.

நமசிவாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, மருமகளாக வாற பிள்ளையைக் காப்பாத்த ஆரும் எதையும் சொல்லலாம். சாட்சி?"

இரத்தினம்மா பேணியைத் திறந்து அவர் மூக்குக்குக் கீழே நீட்டினார். "மோந்து பாருங்கோ. பிறகு உங்கட உறையைப் பிரிச்சு மோந்து பாருங்கோ."

பதிவாளர் மோந்தார். உறையைப் பிரித்தார். எஸ்ஸை மோந்தார். பிறகு மண்டபமே அதிரத் தும்மினார்.

"சரி, தைலம் ஒண்டுதான். ஆனா இந்த வயதில நீங்கள் இந்த விளையாட்டுப் படிச்சியள் எண்டதுக்கு?"

மேபல் ஏழு கட்டைகளையும் மேசையில் வைத்தாள். இரத்தினம்மா அடுக்கினார். முதலில் வரிசை. பிறகு ஒரு சொல்.

"நாஸ்டியர்," என்றார். "கருத்து, இன்னும் கூடப் பொல்லாத ஆள். மாமியாகப் போறவள் முதல் முதல் படிச்ச சொல் இது. சிரிக்கிறதெண்டால் சிரியுங்கோ."

எல்லாரும் சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தார்கள். நிம்றாதான் முதலில் தோற்றாள். அதன் பிறகு மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சத்தத்துக்குள் இரத்தினம்மா இரண்டாவது சொல்லைத் தைரியமாக அடுக்கி, "ரிட்டெய்ன்ஸ்," என்றார்.

"ஐயோ மாமி!" உஷாந்தியும் நிம்றாவும் ஒரே குரலில் கத்தினார்கள். "ஐயும் ஏயும் இடம் மாறிட்டுது!"

"நானும் அதே பிழைதான் விட்டனான்," என்றாள் உஷாந்தி.

"நானும்," என்றாள் நிம்றா. "கழகத்துல எல்லாரும்."

நமசிவாயம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பொய் சொல்ல வந்தவ இந்தப் பிழையைத் தேடிப் படிச்சிட்டு வரமாட்டா," என்றார். "பேர் வெட்டுறதில்லை. நான் சொன்னதைத் திருப்பி எடுக்கிறன் உஷாந்தி. ஆனா எஸ் கூடின ஆட்டம் ஆட்டமில்லை. திரும்ப விளையாடவேணும். இண்டைக்கே, இப்பவே." பிறகு ஒரு விநாடி நின்று, "மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் தயவுசெய்து ரெண்டாம் வரிசைக்குப் பின்னால இருக்கவும்," என்றார். அந்த மனிதருக்கு நகைச்சுவை வரும் என்று அன்றைக்குத்தான் கழகத்துக்குத் தெரிந்தது.

விளையாடினார்கள். பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையை மட்டும் உள்ளே விட்டு எழுத்தெடுத்தார்கள். நிம்றா ஒரு எழுத்தும் விட்டுக்கொடுக்கவில்லை. உஷாந்திக்கும் அதுதான் வேண்டியிருந்தது. எஸ் நான்கில் மூன்று நிம்றாவுக்குப் போனது. கடைசியில், பலகையின் மூலையில், எஸ்ஸே இல்லாத ஒரு சின்னச் சொல்லை வைத்து உஷாந்தி வென்றாள்.

"போ," என்று நிம்றா அவளைக் கட்டிக்கொண்டாள். "போயிட்டு வா, கலியாணம்தான் ஒரு மாசம் தள்ளிப் போவுதாமே. கலியாணச் சாரி எங்கட கடைதான், சொல்லிட்டேன். அடுத்த வருஷம் மாமியையும் கூட்டிட்டு வா, பாத்துக்குவோம்."

உஷாந்தி தன் ஊதாப் பையோடு பின்வரிசைக்கு வந்தாள். இரத்தினம்மா தலை நிமிரவில்லை. சேலை முந்தானையால் பேணியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் உஷாந்தியின் தாய் வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆனால் சம்பந்தியின் கை இரத்தினம்மாவின் முழங்கையில் இருந்தது.

உஷாந்தி பேணியை வாங்கினாள். ஏழு கட்டைகளையும் ஒவ்வொன்றாக அதற்குள் போட்டு, மூடியை இறுக்கி, இரத்தினம்மாவின் மடியில் வைத்தாள்.

"உங்களிட்டயே இருக்கட்டும் மாமி. நான் வேலையால வர, நாலாவது சொல் தெரிஞ்சிருக்கவேணும். தெரியாட்டி முருங்கைக்காயைப் பற்றித்தான் கதைப்பன்."

வெளியே, காலி வீதி இரைந்துகொண்டிருந்தது. மேபல் த்ரீவீலின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பவில்லை. பிறெடி சட்டைக் கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, அழுறியோ?"

"இல்லையக்கா," என்றான் பிறெடி. "காலையில இருந்து அத்தனை கட்டை மோந்தன் இல்லையா. தைலம் கண்ணில பட்டிட்டுது."